பதினெட்டில் ஒன்று

முட்டை பழையது. கரண்டி பட்டதும் மஞ்சள் கரு உடைந்து தட்டு முழுக்கப் பரவியது. சிகாகோவில் இத்தனை பெரிய ஹோட்டல், வாசலில் தொப்பி வைத்த காவலாள், மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணி. ஒரு முட்டைக்கு எங்கள் ஊரில் ஒரு டஜன் வாங்கும் விலை. கொண்டுவந்து வைத்ததோ மூன்று வாரப் பழசு. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கிரேன் ஃபோர்க் முட்டை நிலையத்தில் பதினோரு வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் வைப்பதுதான் என் பிழைப்பு. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பியபோது, கவர்னர் பர்ஜ் என் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் கவர்னர் பதவியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் வேறு எப்படியும் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதுமில்லை. எங்கள் மாநிலத்திலிருந்து கட்சி மாநாட்டுக்கு வந்திருந்த பதினெட்டுப் பிரதிநிதிகளுக்கும் அவர்தான் தலைவர். ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று அன்று பிற்பகல் ஓட்டெடுப்பு. அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து, என் தட்டின் இரு பக்கமும் கத்தி கரண்டி வைப்பதுபோல ஒழுங்காக வைத்தார்.

"மொதல்ல எடது பக்கம் இருக்கறதப் படிங்க, மிஸஸ் டாலஃப்சன். காலைல ஆறு மணிக்கு வந்தது."

அது செனட்டர் டில்லார்டின் கடிதம். தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது. போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாகவும், தன்னை ஆதரிப்பதாக உறுதி கொடுத்திருந்த நண்பர்கள் அனைவரையும் அந்த உறுதியிலிருந்து விடுவிப்பதாகவும் நாலே வரி. நண்பர்களாம். மனுஷர் ஏப்ரல் மாதம் எங்கள் ஊருக்கு வந்தபோது, நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தில் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு என்னை மிஸஸ் டோர்க்கல்சன் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்.

"நீங்க இப்ப சுதந்திரப் பறவை. சட்டப்படி உங்களை ஒண்ணும் கட்டாது" என்றார் பர்ஜ். "இனிமே நம்ம பதினெட்டு ஓட்டும் கவர்னர் ஹேவுட்டுக்குத்தான். மத்த பதினேழு பேரும் ராத்திரியே சரின்னுட்டாங்க."

பிறகு திட்டத்தைச் சொன்னார். பிற்பகலில் மாநிலங்களை வரிசையாகக் கூப்பிடும்போது எங்கள் முறை வந்ததும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மற்ற எல்லோரும் சொல்லி முடித்ததும் ஹேவுட்டுக்கு ஐநூற்று எண்பத்திரண்டு இருக்கும். ஜெயிக்க அறுநூறு வேண்டும். அப்போது எங்கள் மாநிலம் எழுந்து நின்று மிச்சப் பதினெட்டையும் கொடுக்கும். ஹேவுட்டை வேட்பாளராக்கியது நாங்கள்தான் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும்.

"ஐநூத்தி எண்பத்திரண்டுல நிக்கும்னு எப்படி இவ்வளவு கரெக்டா தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியற மாதிரி செஞ்சிருக்கோம்."

"பதினேழு குடுத்தா போதாதா?"

"பதினேழு குடுத்தா நன்றி சொல்லிக் கடுதாசி வரும். பதினெட்டு குடுத்தா நம்ம மாநிலத்துக்கு ஒரு விவசாய மந்திரி."

"யாரு அந்த மந்திரி?"

 பர்ஜ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். கிளேட்டன் பர்ஜ் ஒரு பசுவின் பக்கத்தில் போய் நின்றதைக்கூட எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

"வலது பக்கமும் பாத்துடுங்க" என்றார்.

வாஷிங்டனுக்கு எழுதிய கடிதம். கிரேன் ஃபோர்க் தபால் நிலையத்தில் இரண்டு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கும் நெல்ஸ் டாலஃப்சனை, அதாவது என் புருஷனை, நிரந்தரத் தலைவராக நியமிக்கக் கட்சி பரிந்துரைக்கிறது. கட்சிப் பெரியவர் எழுதிக் கொடுக்காமல் அந்த வேலை எந்த ஊரிலும் யாருக்கும் கிடைத்ததில்லை. பெயர், வயது, விலாசம் எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"சாயங்காலம் போட்டுடலாம்" என்று சொல்லி இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். வீட்டு நாயைத் தட்டுகிற மாதிரி. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

நான் பெரிய கொள்கைக்காரி இல்லை. டில்லார்டை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அவர் பேச ஆரம்பித்தால் மாட்டுச் சந்தைக் கொட்டகையில் மாடுகள்கூடப் படுத்துவிடும். அவர் பெயரில் எங்கள் வட்டாரத்தில் பிரதிநிதியாக நிற்க ஆள் கிடைக்கவில்லை. தோற்பதற்கு யார் நிற்பார்கள்? முட்டை நிலையத்துக்கு வருகிறவர்களெல்லாம் நாலு மாநிலத்துக் கணக்கும் பேசுவார்கள், பெயரைக் கொடு என்றால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எரிச்சலில் ஒரு நாள் நானே நிற்கிறேன் என்றேன். மனுவுக்கு நூறு கையெழுத்து வேண்டும். தாளை எடை போடும் மேஜைமேல் வைத்தேன். முட்டைப் பெட்டியை இறக்கிய கையோடு ஒவ்வொருவரும் போட்டுவிட்டுப் போனார்கள். பாதிக் கையெழுத்தில் கோழி எச்சம். கோர்ட்டில் போய் டில்லார்டுக்கே ஓட்டுப் போடுவேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தேன். ஓட்டுச் சீட்டில் என் பெயருக்குக் கீழே அதையும் அச்சடித்திருந்தார்கள். ஆயிரத்து நூற்றுப் பதினாலு பேர் அந்தப் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி மில்ட்ரெட் ஸ்வோபோடா. வாரம் இரண்டு முறை முட்டை கொண்டுவருகிறவள். அவள் வீட்டில் ஓட்டு என்றால் புருஷன் சொல்கிற இடத்தில் குறி போடுவதுதான்; முப்பது வருஷமாக அப்படித்தான். நான்தான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டேன். உள்ளே திரை போட்டிருக்கிறது, நீ எங்கே போடுகிறாய் என்று யார் பார்க்கப்போகிறார்கள், உனக்குப் பிடித்ததைப் போடு, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்று வாரக்கணக்கில் அரித்தேன். தேர்தல் முடிந்த மறுநாள் வந்தாள். முட்டைப் பெட்டியை இறக்கி வைத்தாள். "போட்டுட்டேன். வீட்ல வாய் தவறிக்கூட சொல்லிடாத" என்றாள். முகத்தில் பயமும் சிரிப்புமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒன்றைத் தன் இஷ்டத்துக்குச் செய்தவளின் முகம். அதை நினைத்ததும் ஹோட்டல் முட்டையைத் தட்டோடு தள்ளிவைத்தேன்.

கீழே போய்த் தொலைபேசிக் கூண்டில் நின்று ஊருக்குக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் இணைப்பகத்தில் வில்மா எடுத்தாள். நெல்ஸுக்குக் கொடு என்றேன்.

நெல்ஸ் நாலு வருஷத்துக்கு முன் தானியக் களஞ்சியத்தின் கூரையிலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், முதுகு பிழைக்கவில்லை. நிலத்தை அவன் தம்பி உழுகிறான். இரண்டு வருஷம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பி ஏர் ஓட்டுவதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி. தபால் நிலையத்தில் பழைய ஆள் செத்து, இவனைத் தற்காலிகமாக உட்காரவைத்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. உயரமான முக்காலி, பக்கத்தில் அடுப்பு, யார் வீட்டுக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளும் சுகம். அந்த வேலை அவனுக்கு உடம்போடு ஒட்டிவிட்டது.

"பர்ஜ் கடுதாசி எழுதி வச்சிருக்காராம்ல? உன்கூட வந்திருக்கானே லெஸ்டர், அவன் பொண்டாட்டி சொன்னா" என்றான்.

"பாத்தேன். உன் பேரை ஒழுங்கா எழுதியிருக்காங்க."

"டில்லார்ட் விலகிட்டாருன்னு ரேடியோல சொன்னான்."

"அதையும் பாத்தேன்."

 அவன் நாற்காலியில் நகர்ந்து உட்காரும்போது வரும் முனகல் எனக்குத் தெரியும். அது வந்தது.

"ஆர்டிஸ். நீ வாக்கு குடுத்திருக்கே. அது எனக்குத் தெரியும்."

"ம்."

"என் முதுகும் எனக்குத் தெரியும்."

"இப்ப நான் என்ன செய்யணுங்கறே?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் சொல்லிட்டியே."

"மூணு நிமிஷம் ஆச்சு" என்று நடுவில் வந்தாள் வில்மா. "நீங்க பேசுங்க. நான் கேக்கல."

நெல்ஸ் சிரித்துவிட்டான். மத்தியானம் இரும்புக் கடையில் டிவி வைக்கிறார்கள், ஊரே போகிறது, நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கெஞ்சியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். உள்ளதைச் சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டால் என்ன செய்வது? கூண்டுக்குள் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். அப்போதும் நான் ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை.

மாநாட்டு மண்டபம் கசாப்புத் தொழுவங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜூலை வெயிலில் மாட்டு வாடை கூரை வழியாக இறங்கியது. நகரத்துப் பிரதிநிதிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் மாநிலத்து வரிசையில் மட்டும் எல்லோரும் சாதாரணமாக மூச்சு விட்டோம். டிவிக்காரர்கள் மேலே கட்டியிருந்த விளக்குகளின் சூட்டில் சட்டைகள் முதுகோடு ஒட்டின. என் பக்கத்தில் லெஸ்டர் புரூயிட். எங்கள் வட்டார மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன், நூற்று இருபது கிலோ இருப்பான், அந்த மடக்கு நாற்காலி அவனைத் தாங்கியது பெரிய விஷயம். அவனும் டில்லார்டுக்கு உறுதி எழுதிக் கொடுத்து ஜெயித்தவன்தான்.

"நீயும் சரின்னுட்டியாமே, லெஸ்டர்" என்றேன்.

"என் சந்தைக்கு லைசென்ஸ் யாரு குடுக்கறது, ஆர்டிஸ்?" அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நல்ல மாடுன்னு நெனச்சு ஏலம் கேட்டோம். மாடே வேண்டாம்னு படுத்துக்கிச்சு. நாம மட்டும் ஏன் கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கணும்?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

அப்போது நாட்டில் இருந்த நாற்பத்தெட்டு மாநிலங்களையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மாநிலத் தலைவரும் எழுந்து, தங்கள் ஊர் மலையையும் ஆற்றையும் சோளத்தையும் புகழ்ந்துவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தபோது பர்ஜ் மைக்கைப் பிடித்து, இப்போதைக்கு வேண்டாம் என்றார். கடைசி மாநிலமும் சொல்லி முடித்தது. பலகையில் ஹேவுட்டுக்கு நேரே ஐநூற்று எண்பத்திரண்டு என்று எழுதினார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேடையிலிருந்து எங்கள் மாநிலத்தை மறுபடி கூப்பிட்டார்கள். டிவி காமிராக்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. பர்ஜ் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எங்கள் சமவெளிகளைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு, "எங்கள் மாநிலம் ஒரே மனதாக, தன் பதினெட்டு வாக்குகளையும்" என்று நிறுத்தி, காமிரா வசதியாகப் பார்க்கட்டும் என்று முகத்தைத் தூக்கி, "அடுத்த ஜனாதிபதி கவர்னர் ஹேவுட்டுக்கு வழங்குகிறது" என்றார்.

ஒரே மனதாக. அந்த வார்த்தைதான். ஓட்டை அவர் எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. மனதையும் எடுத்துக்கொண்டார். அந்த மனதில் என்னுடையதும் மில்ட்ரெட்டுடையதும் இருந்தது. அதை அவர் என்னைக் கேட்காமல் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"எண்ணிச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா கேளுங்க" என்று கத்தினேன்.

அது மாநாட்டு விதி. மாநிலத் தலைவர் சொன்ன கணக்கை எந்தப் பிரதிநிதி வேண்டுமானாலும் மறுக்கலாம். மறுத்தால், மேடையிலிருந்து ஒருவர் இறங்கிவந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஆனால் மைக் பர்ஜ் கையில் இருந்தது. வாத்தியக் கோஷ்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று கையை ஆட்டினேன். மேடைத் தலைவர் என்னைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். பார்த்துவிட்டு, கூரையில் ஏதோ பறவை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

அப்போது என் கீழே லெஸ்டர் வாயில் இரண்டு விரலை வைத்தான். எண்ணூறு மாடுகளுக்கும் முந்நூறு குடியானவர்களுக்கும் மேல் கேட்கும் விசில் அது. வாத்தியக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"தலைவரே, இந்த அம்மா கணக்கை மறுக்கறாங்க" என்றான், ஏலக் குரலில். மைக் அவனுக்குத் தேவையில்லை. "எங்களை எண்ணுங்க."

"உக்காருடா" என்றார் பர்ஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேடையிலிருந்து ஒரு ஒல்லியான குமாஸ்தா தாளோடு இறங்கிவந்தார். எங்கள் வரிசையின் முனையில் நின்று, பெயர்களை ஆங்கில அகர வரிசையில் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஹேவுட். ஹேவுட். மருந்துக் கடைக்காரர் ஹேவுட் என்றார். இரண்டு வக்கீல்களும் ஹேவுட். பர்ஜ் தன் முறை வந்ததும் சிரித்த முகத்தோடு, நிறுத்தி நிதானமாக ஹேவுட் என்றார். என் பெயர் பட்டியலில் பதினாறாவது.  எனக்குப் பயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. இரும்புக் கடையில் நெல்ஸ் முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். மில்ட்ரெட்டும் அவள் புருஷனோடு வந்திருப்பாள். லெஸ்டர் முறை வந்தது. எழுந்தான். தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, வழக்கத்தில் இல்லாத சின்னக் குரலில், "ஹேவுட்" என்றான். உட்கார்ந்தான். இப்போதும் எனக்கு அவன்மேல் கோபமில்லை.

"மிஸஸ் நெல்ஸ் டாலஃப்சன்" என்றார் குமாஸ்தா.

"ஆர்டிஸ் டாலஃப்சன்" என்று திருத்தினேன். ஓட்டுச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. "என் ஓட்டு செனட்டர் டில்லார்டுக்கு."

எங்கேயோ யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா தாளிலிருந்து நிமிர்ந்தார். வயதான மனுஷர், பாவம், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அவர் காலைலயே விலகிட்டார். உங்களுக்குத் தெரியாதோ என்னமோ."

"தெரியும். அவர்தான் விலகினார். நான் விலகல. எனக்கு ஓட்டுப் போட்டவங்க யாரும் என்கிட்ட விலகறேன்னு எழுதிக் குடுக்கல."

அது மைக்கில் போய்விட்டது. அவர் கையில் பிடித்திருந்தது மைக் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்டபத்தின் மேல் மாடியில், பார்வையாளர்கள் உட்காரும் மலிவு இருக்கைகளில், கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். மீதி இரண்டு பேர் அவசரமாக ஹேவுட் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். குமாஸ்தா மேடைக்குப் போய்ச் சொன்னார். ஹேவுட்டுக்குப் பதினேழு, டில்லார்டுக்கு ஒன்று. பலகையில் ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அடுத்த நொடி முன்வரிசையில் ஒரு தென் மாநிலத்துத் தலைவர், பருத்திக் கோட்டு, சிவந்த முகம், நாற்காலிமேல் பாய்ந்து ஏறினார். தங்கள் மாநிலம் வேறொருவருக்குப் போட்ட ஆறு ஓட்டை ஹேவுட்டுக்கு மாற்றுகிறது என்று கத்தினார். அவ்வளவுதான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். கூரையிலிருந்து பலூன்களும் காகிதத் துண்டுகளும் கொட்டின. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காமிராக்கள் ஒன்று விடாமல் அந்தப் பருத்திக் கோட்டுக்காரரின் பக்கம் திரும்பிக்கொண்டன. விவசாய மந்திரி வேலை எங்கள் வரிசையிலிருந்து நாற்பதடி தள்ளிப் போய் இறங்கியது.

பர்ஜ் மெதுவாக என் பக்கம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அதை நாலாக மடித்து, விசிறிபோல வைத்துக்கொண்டு, கழுத்துக்கு விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"பன்னெண்டு நிமிஷம் டிவில வர ஆசைப்பட்டியாக்கும்" என்றார். மரியாதை போயிருந்தது. "சந்தோஷமா? அங்க உக்காந்து பாத்துட்டிருக்கானே உன் புருஷன், அவன்கிட்ட போய்ச் சொல்லு. ஆபீஸ் சாவியத் துடைச்சு வைக்கச் சொல்லு."

 ஜன்னலோர நாற்காலி, தம்பியின் ஏர், முனகல், எல்லாம் ஒரு நொடியில் வந்துபோனது. இதை நான் தெரிந்தேதான் செய்தேன். தெரிந்து செய்தது வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"அவன் தெனமும்தான் துடைக்கறான்" என்றேன். "நீங்க விசிறிக்கறதுல அவன் பேரு இருக்கு. வேர்வை படாமப் பாத்துக்குங்க."

மேடையில் சுத்தியல் தட்டும் சத்தம். டில்லார்டின் ஆள் ஒருவரே மேடையேறி, ஹேவுட்டின் தேர்வை ஏகமனதாக ஆக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். தோற்றவன் வாயாலேயே அதைச் சொல்லவைப்பது எங்கள் வழக்கம். ஆதரிக்கிறவர்கள் என்றதும் மண்டபமே எழுந்து நின்று கர்ஜித்தது. எதிர்க்கிறவர்கள் என்று கேட்க வாயைத் திறப்பதற்கு முன்பே சுத்தியல் விழுந்துவிட்டது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "எதிர்க்கிறேன்" என்று சொன்னேன். கேட்டதோ கேட்கவில்லையோ, சொன்னேன். சுற்றிலும் நின்றவர்களின் இடுப்புப் பட்டைகள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன.

வாத்தியம் மறுபடி ஆரம்பித்தது. ஊர்வலம் கிளம்பியது. ஒவ்வொரு மாநில வரிசையின் முனையிலும் அந்த மாநிலத்தின் பெயர்ப் பலகையை உயரமான கம்பத்தில் மாட்டி, ஓர நாற்காலியோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஜெயித்தவருக்காக அவற்றைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிவர வேண்டும். எந்தப் பலகை முன்னால் போகிறது என்பதை ஹேவுட்டின் ஆட்கள் மேடையிலிருந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். பர்ஜுக்கு அதில்தான் கடைசி நம்பிக்கை. மந்திரி வேலை போனாலும் தூதர் வேலை, தூதர் வேலை போனாலும் வேறு ஏதாவது. இரண்டு வக்கீல்களையும் பார்த்து, "கம்பத்த எடுங்க. சீக்கிரம்" என்றார்.

அவர்கள் மேஜை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நான் நாலு காலி நாற்காலிகளைத் தாண்டிப் போய் ஓர நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பத்தை இடது கையால் வளைத்து, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரிங்கம்மா" என்றார் மூத்த வக்கீல். "வேடிக்கையா இருக்கு."

"எனக்கு வேடிக்கையா இல்ல. இந்தப் பலகைல என் ஊரும் இருக்கு. தூக்கணும்னா என்னையும் நாற்காலியையும் சேத்துத் தூக்குங்க."

இளையவர் கம்பத்தை மேலே பிடித்து அசைத்துப் பார்த்தார். என் தொப்பி கழன்று விழுந்தது. விடவில்லை. அவர் கொஞ்சம் பலமாக இழுத்தார், தோள்பட்டையில் சுருக்கென்றது. தினமும் முட்டைப் பெட்டிகளைத் தூக்கும் தோள் அது, அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது. பர்ஜ் தலைக்கு மேல் நின்று, விடு, விட்டுத் தொலை, டிவி பாக்குது என்றார். ஆமாம், பார்த்தது. ஒரு காமிரா ஊர்வலத்தை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. இரும்புக் கடையில் இப்போது என் தலைமுடி கலைந்த கோலம் தெரியும். நெல்ஸ் என்ன முகத்தோடு பார்க்கிறான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. தெரியவில்லை. அந்த விளக்கைப் பார்த்தபடியே இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

என் பக்கத்து நாற்காலி முனகியது. லெஸ்டர் வந்து உட்கார்ந்தான்.  சட்டைப்பையிலிருந்து ஒரு வேர்க்கடலையை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். வலது காலை மெதுவாக நீட்டி, சாணம் காய்ந்த அந்தப் பெரிய பூட்ஸைக் கம்பத்தின் அடியில் வைத்து அழுத்தினான். எங்களைச் சுற்றி மற்ற நாற்பத்தேழு மாநிலங்களின் பலகைகள் ஆடிக்கொண்டே போயின.